செட்டுக்கு முறை வைத்த ஊர்

மொட்டையனூர்க்காரர்கள் முட்டாள்கள் என்று பக்கத்து ஊர்களில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. யோசிக்காமல் காரியம் செய்கிறவன்தான் முட்டாள். மொட்டையனூரில் யோசிக்காமல் ஒரு துரும்பைக்கூட யாரும் நகர்த்தியதில்லை. கூடி உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஆற அமர யோசித்து, எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் எதையும் செய்வார்கள். செய்து முடித்தபின் பார்த்தால் முட்டாள் செய்ததும் இவர்கள் செய்ததும் ஒன்றுபோலவே இருக்கும். அது வேறு விஷயம்.

அந்த ஊரில் ஒரு கூட்டுக் கிணறு உண்டு. பங்காளிகளுக்கு ஆளுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரர் தன் கையால்தான் மடையைத் திறக்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் பஞ்சாயத்து வந்துவிடும். இந்த ஏற்பாட்டினால் எந்தக் கோடையிலும் அந்தக் கிணறு வற்றியதில்லை. அதைப் பார்த்துப் பார்த்து ஊருக்கே ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. பொதுவாக இருக்கிற எதையும் முறை வைத்து அனுபவித்தால்தான் அது நிலைக்கும், இல்லாவிட்டால் தீர்ந்துபோகும் என்று.

ஆகவே அரசமரத்து நிழலுக்கு முறை வைத்தார்கள். முறை இல்லாதவர்கள் பக்கத்திலேயே வெயிலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் நிலாவுக்கும் முறை வைத்தார்கள். நம்முடைய கொம்பையாவுக்குக் கிடைத்தது அமாவாசை.

கொம்பையா ஆடு வளர்க்கிறவர். ஊர் கூடிப் பங்கு பிரிக்கும் நாளில் பார்த்து அவருடைய ஆடு ஒன்று யார் வேலியிலாவது தலையைக் கொடுத்துக்கொள்ளும். அதை விடுவித்துக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் நல்லதெல்லாம் போய்விட்டிருக்கும். அதற்காக அவர் சண்டை போட்டதில்லை. மாதாமாதம் அமாவாசையன்று பெண்டாட்டி ஆவுடையோடு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, வானத்தை அண்ணாந்து பார்த்துத் தன் பங்கை அனுபவித்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

இப்படி இருக்கையில் கூட்டுக் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. டவுனிலிருந்து வந்த மெக்கானிக் அதை மாட்டி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“அண்ணாச்சி, பம்பு செட்டு ரெடி. அடியில போட்ட சிமெண்டு செட்டாகுற வரைக்கும் யாரும் கிட்ட வராதீங்க. இந்த மோட்டாரு உங்க கிணத்துக்கு நல்லா செட்டாகும். நாளைக்கு எங்க செட்டு பையன் ஒருத்தன் வந்து டைமரை செட் பண்ணித் தருவான்.”

சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

கிட்ட வராதீங்க என்றால் எவ்வளவு தூரம் என்று அவன் சொல்லவில்லை. குளத்துக்கு அக்கரை போனால் குற்றம் வராது என்று முடிவாயிற்று. ஆண், பெண், கோழி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பு உட்பட ஊரே அக்கரைக்குப் போய் உட்கார்ந்தது. வேறு வேலை இல்லாததால் யோசிக்க ஆரம்பித்தார்கள். கொம்பையா மட்டும் ஆடு ஒன்றைக் காணோம் என்று தேடிப் போயிருந்தார்.

பேச்சைத் தொடங்கியவர் பால்வண்ணம். அவர் ஒருமுறை தூத்துக்குடிக்குப் போய் அன்றைக்கே திரும்பியவர். வெளியுலக விவகாரம் எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

“மோட்டாரும் செட்டு, சிமெண்டு இறுகுறதும் செட்டு, பொருந்துறதும் செட்டு, கூட்டாளியும் செட்டு. இது எப்படி வே?”

“என் கடையில டீ செட்டு இருக்கே,” என்றார் டீக்கடை தடிவீரன்.

“கல்யாணத்துக்கு வாரது மேள செட்டு.”

“சீட்டாட்டத்துல செட்டு சேக்காமலா?”

“பல்லு செட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. ஊர்ப் பெரியவர் வெயிலுகந்தான் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவர் வாயில் பல் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது.

பால்வண்ணம் உச்சுக்கொட்டினார். “இங்கிலீசுக்காரன் பாவம் வே. வார்த்தைக்கு அவ்வளவு பஞ்சம். ஒரே ஒரு வார்த்தைய வச்சு மொத்தக் குடும்பத்தையும் ஓட்டுதான்.”

எல்லோருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள்.

வெயிலுகந்தான் தொண்டையைச் செருமினார். “பஞ்சம் இல்ல வே. அது கூட்டுக் கிணறு. எந்த வாளியப் போட்டாலும் ஏதோ ஒண்ணு வருது பாரு. ஆனா உலகமே எறைக்குதே. ஆளாளுக்கு இப்படி எறைச்சா எத்தன நாளைக்கு ஊறும்? மெக்கானிக்க கவனிச்சீகளா? கடைசி செட்டு சொல்லும்போது அவனுக்குக் குரலே கம்மிப்போச்சு.”

மெக்கானிக்குக்குக் காலையிலிருந்தே சளி. ஆனால் அதை எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வற்றப் போகிற ஒரு வார்த்தையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு தங்கள் தலையில் விழுந்துவிட்டதாகவே எல்லோரும் உணர்ந்தார்கள்.

அங்கேயே பங்கு பிரித்தார்கள். பம்பு செட்டு பால்வண்ணத்துக்கு. டீ செட்டு தடிவீரனுக்கு. பொருந்துகிற செட்டு பெரியவர் வெயிலுகந்தானுக்கு. மேளம், சீட்டு, சிமெண்டு என்று மீதியெல்லாம் வீட்டுக்கு ஒன்றாகப் போயிற்று. கிணற்றுக்கு உள்ள சட்டமே இதற்கும். ஒருவருடைய செட்டு இன்னொருவருக்குத் தேவைப்பட்டால் முறைக்காரரை அழைத்து வர வேண்டும். அவர் தன் வாயால் சொல்லிக் கொடுப்பார்.

கொம்பையா ஆட்டோடு வந்து சேர்ந்தபோது பல் செட்டு மட்டும்தான் மிச்சம் இருந்தது. கரும்பைக் கணுவோடு கடித்துத் துப்புகிறவர் அவர். இருந்தாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஒருநாள் மோட்டார் ஓடவில்லை. தடிவீரன் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். “தம்பி, எங்க ஊரு பம்பு...” என்று சொல்லி நிறுத்திவிட்டு, போனைக் கல்லாமேல் வைத்துவிட்டு, பால்வண்ணத்தைத் தேடி ஓடினார். குளித்துக்கொண்டிருந்த பால்வண்ணம் சோப்பு நுரையோடு வந்து போனில் “செட்டு” என்று சொல்லிவிட்டுத் திரும்பக் குளிக்கப் போனார். தடிவீரன் போனை வாங்கி “ஓடல” என்றார். அதற்குள் மெக்கானிக் வைத்துவிட்டான். மறுபடி போன் போட்டார்கள், பால்வண்ணம் மறுபடி வந்தார். மோட்டார் சரியாகி வருவதற்குள் பால்வண்ணத்துக்கு ஜலதோஷம் பிடித்து, அவர் குரலும் கம்மிப்போயிற்று. ஊற்று குறைகிறது, நாம் செய்தது சரிதான் என்று எல்லோரும் திருப்திப்பட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கொம்பையாவின் மகள் செம்பகத்துக்கு ஒரு வரன் வந்தது.

செம்பகம் டவுனில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போய்வருகிறவள். அந்தக் கடைக்கு எதிரே வாடகைப் பாத்திரக் கடை. பந்தல், நாற்காலி, மைக், விளக்கு எல்லாம் வாடகைக்குத் தருவார்கள். கடைக்காரர் குருமலைக்கு அருணகிரி என்று ஒரே மகன். அண்டாவைத் துலக்கும் சாக்கில் அருணகிரி வாசலிலேயே நிற்பதும், நூல் கோக்கும் சாக்கில் செம்பகம் வெளிச்சத்துக்கு வருவதுமாக விஷயம் முற்றி, பெண் பார்க்க வருகிறோம் என்று சேதி வந்துவிட்டது.

கொம்பையாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். இதற்கு முன்னால் வந்த வரன்களெல்லாம் ஊர் எல்லை வரைக்கும் வந்து, பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவை. செம்பகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அப்பா, எனக்காக இந்த ஒரு தடவ மட்டும் யாரும் யோசிக்காம இருங்கப்பா.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்றால் தன் பிள்ளை காலத்துக்கும் எதிர்க்கடை அண்டாவைப் பார்த்துக்கொண்டே தைக்க வேண்டியதுதான் என்று கொம்பையாவுக்குத் தெரிந்தது. சரிம்மா என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அப்புறம் போய் யோசித்தார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்? செட்டாகுமா ஆகாதா என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்ல அந்தச் செட்டு வேண்டும். அது வெயிலுகந்தானுடைய முறை. வெயிலுகந்தானோ இவரோடு பேசுவதே இல்லை. கொடியில் காய்ந்த அவருடைய பட்டு வேட்டியைக் கொம்பையாவின் ஆடு தின்றுவிட்டிருந்தது.

“என் வேட்டிய உன் ஆடு திங்கும், உன் மகளுக்கு நான் வந்து செட்டு சொல்லணுமோ?” என்றார் வெயிலுகந்தான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

“பெரியவுக அப்படிச் சொல்லக்கூடாது. பதிலுக்கு என் பங்க நான் திறந்து விடுதேன். எப்ப கூப்பிட்டாலும் வந்து நிப்பேன்.”

“உன் பங்கு எது?”

“பல்லுதான்.”

வெயிலுகந்தான் மெதுவாகத் திரும்பினார். அவருக்குள் எத்தனை நாள் ஏக்கம் அது! பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டி உட்கார்ந்திருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வார்த்தை கொம்பையாவின் முறையாயிற்றே. டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டுத் தொண்டைக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

“சரி,” என்றார் வெயிலுகந்தான். “மாப்பிள்ள வீட்டுக்காரர் கேட்ட உடனே என்னப் பாத்துத் தலைய ஆட்டு. நான் செட்டுன்னு சொல்லுதேன். ஆகும்ங்கறத நீ சொல்லிக்கோ. அது என் பங்கு இல்ல.”

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று ஊரே கொம்பையா வீட்டு முற்றத்தில் நின்றது. முறைக்காரர்கள் எல்லோரும் முன்வரிசையில். யாருடைய செட்டு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாதல்லவா? குருமலை நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டம் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆவுடை முறுக்குத் தட்டை எல்லோருக்கும் நீட்டினாள்.

“நம்ம கடையில இல்லாதது இல்ல அண்ணாச்சி,” என்று தொடங்கினார் குருமலை. “நாற்காலி செட்டு, மைக் செட்டு, சீரியல் லைட்டு செட்டு, பாத்திர செட்டு எல்லாம் சொந்தம். மேள செட்டும் நம்ம சினேகிதன்தான். டீ செட்டு மட்டும் நாலு தினுசுல இருக்கு.”

கூட்டம் மூச்சடைத்து நின்றது. பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஒரே மூச்சில் ஒரு மனிதர் கிணற்றையே கவிழ்த்துக் குடித்துவிட்டார். தடிவீரன் சண்டைக்குத் தயாராகத் தோள்துண்டை எடுத்து இடுப்பில் வரிந்து கட்டினார். அவருடைய டீ செட்டில் குருமலை நாலு வாளி இறைத்திருந்தார்.

கொம்பையா ஓடிவந்து தடிவீரன் கையைப் பிடித்தார். “பொறுத்துக்கோங்க வே. வெளியூர்க்காரரு. தாகமா வந்திருக்காரு.”

தாகத்துக்கு வந்தவரைத் தடுக்கக்கூடாது என்பது கிணற்றுச் சட்டத்திலும் உண்டு. தடிவீரன் துண்டை அவிழ்த்தார். குருமலைக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவைத்தார்.

“அப்ப என்ன அண்ணாச்சி, சுத்தி வளைக்காம கேக்கேன். ரெண்டு பேருக்கும் செட்டாகும்னு நெனைக்கீகளா?”

வந்துவிட்டது அந்தக் கேள்வி. கொம்பையா வெயிலுகந்தானைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார்.

வெயிலுகந்தான் அப்போதுதான் ஒரு முழு முறுக்கை வாயில் போட்டிருந்தார். பல் இல்லாதவர் முறுக்கு தின்பதென்றால் வாயில் ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும். இரண்டு கன்னமும் புடைத்திருக்க, கொஞ்சம் பொறு என்று கையால் சைகை காட்டினார்.

எல்லோரும் முறுக்கு ஊறுவதற்காகக் காத்திருந்தார்கள். குருமலை கொம்பையாவைப் பார்த்தார், கொம்பையா வெயிலுகந்தானைப் பார்த்தார், வெயிலுகந்தான் வானத்தைப் பார்த்தார். குருமலையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

“இஷ்டம் இல்லேன்னா அத வாயத் தொறந்து சொல்லலாமே. வீட்டுக்கு வரச்சொல்லி இப்படி அவமானப்படுத்தணுமா? ஏலேய் அருணகிரி, எந்திரி. போவோம்.”

அருணகிரி எழுந்திருக்கவில்லை. அவன் அடுக்களை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொம்பையா குறுக்கே வந்து நின்றார். வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது. அப்போது ஜன்னலிலிருந்து செம்பகத்தின் குரல் தெளிவாகக் கேட்டது.

“மாமா, போகாதீங்க. எனக்கு அவுகளப் பிடிச்சிருக்கு. அவுகளுக்கும் என்னப் பிடிச்சிருக்கு.”

குருமலை மறுபடி உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. “இதத்தானம்மா நானும் கேட்டேன்,” என்றார்.

காரியம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வேறு எந்த ஊராக இருந்தாலும் முடிந்திருக்கும். ஆனால் பால்வண்ணம் முன்னால் வந்தார்.

“பிடிச்சிருக்குன்னு பிள்ள சொல்லிச்சே. அந்த வார்த்தை யாரு முறை?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய முறையும் இல்லை. அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. இங்கிலீசுக்காரன் வார்த்தையைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டவர்கள் சொந்த வார்த்தைகளை மடையே இல்லாமல் திறந்துவிட்டிருக்கிறார்கள்!

“முப்பாட்டன் காலத்துலேருந்து எறைக்கோம். இன்னும் வத்தலையே?” என்றார் ஒருவர்.

“வத்தலைன்னு யாரு சொன்னா?” என்றார் தடிவீரன். “முந்தாநாளு எங்க போயிட்டு வாரீகன்னு எம்பொண்டாட்டி கேட்டா. எனக்கு ஒரு வார்த்தைகூட வரல.”

இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கல்யாணப் பேச்சை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு அந்த முற்றத்திலேயே தமிழுக்குப் பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள். முதல் மரியாதை விருந்தாளிக்கு. இருப்பதிலேயே அதிகமாக ஓடுகிற வார்த்தையைத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். அது எது என்பதில் கல்யாணமான ஆண்கள் எல்லோரும் ஒருமித்த கருத்தோடு இருந்தார்கள்.

பால்வண்ணம் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, புதுத் துண்டு ஒன்றைக் குருமலையின் தோளில் போட்டார். “இனிமே இந்த ஊர்ல ‘ஆமா’ உங்க முறை. உங்களத் தவிர வேற யாரும் அதச் சொல்ல மாட்டோம்.”

அடுத்தது வீட்டுக்காரருக்கு. ஆயுளில் முதல்முறையாகக் கொம்பையா பங்கு பிரிக்கும் இடத்தில் சரியான நேரத்துக்கு இருந்தார். நல்ல வார்த்தையாகப் பார்த்துக் கேட்டார், கிடைத்தது. ‘சம்மதமா.’ அதை வாங்கும்போது அவருக்கு உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது. அமாவாசையும் பல் செட்டுமாகவே போன வாழ்க்கையில் இப்படியும் ஒரு நாள். கையோடு அதைத் திறந்தும் விட்டார்.

“சம்மந்தி, எம்மகள உங்க வீட்டு மருமகளா ஏத்துக்கிட சம்மதமா?”

குருமலை காதில் அது விழவே இல்லை. அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். கன்னம் புடைத்து நிற்கும் வெயிலுகந்தானைப் பார்த்தார். ‘வேண்டாம்’ யாருக்கு என்று பின்வரிசையில் நடந்துகொண்டிருந்த தகராறைப் பார்த்தார். தலைக்குள் ஏதோ ஒன்று கழன்றுகொண்டதுபோல இருந்தது அவருக்கு. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினார்.

“ஏய்யா, தெரியாமத்தான் கேக்கேன். இந்த ஊர்ல இருக்க அத்தன பேரும் முட்டாளா?”

யாருக்கும் கோபம் வரவில்லை. வெளியூர்க்காரர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். பதிலும் எல்லோருக்கும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஊர் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகக் குருமலையையே பார்த்து நின்றது. வெயிலுகந்தான்கூட முறுக்கை ஒருவழியாக விழுங்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

குருமலை இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். எங்கே திரும்பினாலும் காத்திருக்கும் முகங்கள்.

அருணகிரி அப்பாவின் வேட்டியை மெதுவாக இழுத்தான். “சொல்லுங்கப்பா. உங்க முறைதானாம்.”

குருமலை மகனைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஆமா,” என்றார்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆவுடை ஓடிவந்து தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டாள். அடுக்களைக்குள் செம்பகம் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொம்பையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்டாட்டியின் காதருகே குனிந்தார்.

“பாத்தியாட்டி? நான் கேட்டது ஒண்ணு, அவரா கேட்டது ஒண்ணு. ரெண்டுக்கும் சேத்து ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. சிக்கனமா எறைக்கத் தெரிஞ்ச குடும்பம். நம்ம பிள்ள பொழைச்சுக்கிடும்.”